ஆறு யாருக்கு ஓடுது, பஸ் யாருக்கு நிக்குது?

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் அடிக்கடி ஒரு கட்டுரை வரும். 'பசுமை கொஞ்சும் பவானிக் கரை' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. காரில் எந்த வழியாகப் போகலாம், எங்கே தங்கலாம், எங்கே மீன் வறுவல் ருசியாக இருக்கும் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். கூடவே ஒரு வண்ணப்படம். பச்சைப் பசேலென்று வயல். வயலில் வரிசையாகக் குனிந்து நாற்று நடும் பெண்கள். முகம் தெரியாது. முதுகுதான் தெரியும்.

அந்த முதுகுகளில் ஒன்று எங்கம்மாவுடையதாக இருக்கலாம்.

எங்கம்மாவுக்குக் கோபிச்செட்டிபாளையத்துக்கு அக்கட்ட ஒரு கிராமம். ஊருக்குள் தெலுங்கு பேசாத, வீட்டுக்குள் தமிழ் பேசாத அருந்ததியர் வளவு. பத்து வயசில் பண்ணையத்துக்குப் போனவர். ஐம்பது வருசம் களை எடுத்து, நாத்து நட்டு, மஞ்சள் வெட்டி, கரும்புத் தோகை கழித்து, இடுப்பு ஒடிஞ்ச பிறகு என்னோடு கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்தார். போன வருசம் ஒருநாள் சும்மா கேட்டேன்: "அம்மா, ரெண்டு நாளைக்கு ஆறு பாக்கப் போயிட்டு வரலாமா?"

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஆரு சாமி செத்துப் போனாங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. எங்க வளவில் 'ஆத்துக்குப் போறது' என்றால் கருமாதிக்குப் போறது. காரியம் செய்யப் போவார்கள், முழுகுவார்கள், வந்துவிடுவார்கள். உயிரோடு இருக்கிறவர்கள், ஒரு சோலியும் இல்லாமல், ஆற்றைப் பார்ப்பதற்கென்றே போவார்கள் என்பது அவருடைய அறுபத்தைந்து வருச வாழ்க்கையில் இல்லாத விசயம்.

தோழர்களே, இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

*

போனோம். கார் இல்லை. இருந்தாலும் அதில் போயிருக்க மாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு பாசஞ்சர் ரயில். அங்கிருந்து அரசு பஸ், டவுன் பஸ் என்று மாறி மாறி பவானி கூடுதுறை வரைக்கும். இடையில் ஒரு ராத்திரி கோபியில் ஒறம்பரை வீட்டில்.

பவானி ஒரு விசித்திரமான ஆறு. நீலகிரியில் பிறந்து, மேற்கே கேரளத்துக்குள் நுழைந்து, அட்டப்பாடிப் பக்கம் முக்காலியில் வளைந்து, மறுபடியும் கிழக்கே தமிழ்நாட்டுக்குத் திரும்பி வருகிறது. சிறுவாணி அதில்தான் கலக்கிறது. பில்லூர் அணையைத் தாண்டி மேட்டுப்பாளையத்தில் சமவெளியைத் தொடுகிறது. கோயமுத்தூர்க்காரர்கள் பெருமை பேசும் சிறுவாணித் தண்ணியும், பில்லூர்க் குழாய்த் தண்ணியும் இந்த ஆற்றுக் குடும்பத்துத் தண்ணிதான். நாம் அன்றாடம் குடிக்கிற ஆறு. குடிக்கிறோம், பார்த்ததில்லை.

மேட்டுப்பாளையத்தில் ரயிலை விட்டு இறங்கினால் கூட்டம் முழுக்க ஒரே திசையில் ஓடும். ஊட்டி மலை ரயிலுக்கு. 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வெள்ளைக்காரன் போட்ட பல்சக்கரப் பாதை. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. மலையைக் குடைந்து அந்தப் பாதையைப் போட்ட கூலிகளின் பேர் எந்தப் பலகையிலும் இருப்பதாகத் தெரியவில்லை. அது கிடக்கட்டும்.

நாங்கள் அந்தக் கூட்டத்தோடு போகவில்லை. ஏனென்றால் இந்த மேட்டுப்பாளையத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் வராத இடம். பேர் நடூர்.

2019 டிசம்பர் 2. விடிகாலை. நல்ல மழை. நடூர் ஆதிதிராவிடர் காலனிக்கு ஒட்டினாற்போல் ஒரு பங்களாவின் சுற்றுச்சுவர், கருங்கல் கட்டி ஆள் உயரத்துக்கு மேல் மூன்று மடங்கு எழுப்பியது, ஊறிப்போய் காலனி வீடுகள் மேல் சாய்ந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அத்தனை பேரும் அருந்ததியர். இந்தச் சுவர் ஆபத்தானது என்று காலனிக்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நியாயம் கேட்டு ஆஸ்பத்திரி முன்னால் திரண்டவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தியது. தலைவர்களைக் கைது செய்தது. அது வெறும் சுற்றுச்சுவர் என்றது ஒரு தரப்பு. தீண்டாமைச் சுவர் என்றார்கள் நம் மக்கள். ஒரு வீட்டுக்கு எதற்கு அவ்வளவு உயரச் சுவர்? திருடனுக்குப் பயந்தா? இல்லை, பக்கத்தில் இருக்கிறவன் கண்ணில் படக் கூடாது என்றா?

யோசித்துப் பாருங்கள். 'காட்சி' என்பதில் ஒரு அரசியல் இருக்கிறது. ஒருத்தனுக்கு மலை தெரியணும், ஆறு தெரியணும், தோட்டம் தெரியணும். நாம் மட்டும் தெரியக் கூடாது. நம்மை மறைக்கிறதுக்கு ஒரு சுவர். அந்தச் சுவர் விழுந்தால் சாவதும் நாம்தான்.

அம்மா நடூர்க் கதையைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது மட்டும் கேட்டார்: "நம்ம காலனிக்குப் பக்கத்துல செவுரு ஒண்ணும் இல்லைல்ல?"

*

மேட்டுப்பாளையத்திலிருந்து சத்தி ரோட்டில் போனால் சிறுமுகை. இங்கே இருந்த விஸ்கோஸ் ஆலை ஆற்றில் விட்ட கழிவை எதிர்த்து 1990களில் ஆற்றோர ஊர்கள் கொதித்தது பழைய தோழர்களுக்கு ஞாபகமிருக்கும். ஆலை மூடப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் பவானிசாகர். 1948இல் ஆரம்பித்து 1955இல் முடித்த மண் அணை. நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. வடக்கே இருந்து வரும் மாயாறு இங்கேதான் பவானியோடு சேர்கிறது. அணைக்குள்ளே டணாய்க்கன் கோட்டை என்று ஒரு கோட்டையே முங்கிக் கிடக்கிறது. தண்ணி வற்றும் வருசம் பழைய கோயில் தலை காட்டும். பத்திரிகைக்காரர்கள் ஓடி வந்து படம் எடுப்பார்கள். கோயில் முங்கினது செய்தி. கூடவே முங்கின ஊர்களில் குடியிருந்த நிலமில்லாத கூலிக்காரன் எங்கே போனான் என்பது என்றைக்கும் செய்தி ஆனதில்லை. பட்டா இருந்தவனுக்குத்தானே நஷ்டஈடு?

அணையிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நெல்லு, மஞ்சள், கரும்பு, தென்னை, வாழை. சரி, இந்த 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரில் நம் வளவுக்காரன் பேரில் எத்தனை ஏக்கர்? பஸ் ஜன்னல் வழியாக நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. சுற்றுலாக் கட்டுரைக்காரர் இதைக் கேட்க மாட்டார்.

இந்தப் பச்சை வாய்க்கால் தண்ணியில் மட்டும் வந்ததும் இல்லை. அணையும் கரண்டு மோட்டாரும் வருவதற்கு முன்னால் கொங்கு நாட்டுத் தோட்டம் முழுக்கக் கவலை ஏற்றம். மாடு பூட்டி, கிணற்றிலிருந்து தண்ணி இறைப்பார்கள். அந்தச் சாலுக்குத் தோல் வேண்டும், வடத்துக்கு வார் வேண்டும். செத்த மாட்டை உரித்து, பதப்படுத்தி, தைத்துக் கொடுத்தவன் மாதாரி. அவன் தைத்த தோல் வழியாக வந்த தண்ணிக்குத் தீட்டில்லை. அவன் கிணற்றில் இறங்கினால் தீட்டு! எப்படி இருக்கிறது நியாயம்? தோல் தீண்டலாம், தோலைத் தைத்தவனைத் தீண்டக் கூடாது.

அதே கதைதான் சினிமாவிலும். கோபியைச் சுற்றின வயல்வெளிக்கு 'சின்னக் கோடம்பாக்கம்' என்றே பேர். வெள்ளித்திரையில் கொங்கு நாடு என்றால் வெள்ளை வேட்டி, துண்டு, தீர்ப்பு. 1992இல் சின்னக் கவுண்டர், 1993இல் எஜமான், 1994இல் நாட்டாமை. படத்தின் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே போதும், யார் கண்ணால் இந்த மண்ணைப் பார்த்தார்கள் என்று புரியும். நாயகன் வரப்பில் நடக்கிறான். பின்னால் வயலில் முதுகுகள் குனிந்திருக்கின்றன. காட்சிக்குள்ளே நாம் இருக்கிறோம். காட்சியைப் பார்க்கிறவனாக நாம் இல்லை.

*

நமக்கு ஊர் சுற்றிப் பார்க்கிற உரிமைகூட சும்மா கிடைத்ததில்லை என்பதற்கு அண்ணல் அம்பேத்கரே சாட்சி. தன் அனுபவங்களை அவர் எழுதிவைத்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' 1990இல்தான் சிறு நூலாக வந்தது. அதில் ஒரு சம்பவம். 1934இல் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேரோடு அவர் சுற்றுலா கிளம்புகிறார். எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்ப்பது திட்டம். வழியில் நிஜாம் ராஜ்யத்தில் தௌலதாபாத் கோட்டை. கோட்டை வாசலில் ஒரு குளம். பயணத் தூசி போக முகம், கை, கால் கழுவுகிறார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டதாகக் கத்திக்கொண்டு ஒரு முதியவர் ஓடிவர, கூட்டம் கூடுகிறது. கடைசியில் கோட்டைக்குள் விடுகிறார்கள். எப்படி? உள்ளே எந்த இடத்திலும் தண்ணீரைத் தொடக் கூடாது. தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒரு சிப்பாய் கூடவே வருகிறார்!

அப்போது அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் டாக்டர் பட்டம் வாங்கியவர். வட்டமேசை மாநாட்டுக்குப் போய் வந்தவர். அதே நூலில் 1929இல் சாலிஸ்கான் ஸ்டேஷனில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்ட மறுத்த கதையும் இருக்கிறது. ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவர் ஓட்டி, வண்டி கவிழ்ந்து, அம்பேத்கருக்குக் கால் முறிந்தது. வண்டி, வழி, தண்ணி. மூன்றையும் சாதி பிடித்து வைத்திருந்தது.

தமிழ்நாட்டிலும் அதேதான். பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணறு, குளத்தில் தண்ணி எடுக்கவும் நமக்கு உரிமை உண்டு என்று சென்னைச் சட்டசபையில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. தனியார் பஸ்கள் வந்த காலத்தில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மாட்டோம் என்றார்கள் முதலாளிகள். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சுயமரியாதைக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். 1972இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. நம் பகுதிக்குச் சேரன், பின்னால் ஈரோட்டுக்கு ஜீவா.

அப்புறம் 1997. அந்த வருசம் மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையனை எதிர்த்து உயிர்விட்ட தேவேந்திரர். அவ்வளவுதான். அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதிகள். தெற்கே கலவரம். கடைசியில் அரசு என்ன செய்தது? ஒரு தலித் பேரைக் காப்பாற்ற முடியாமல் எல்லாப் பேர்களையும் எடுத்தது. சேரனும் போச்சு, ஜீவாவும் போச்சு. மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பேரும் போச்சு. பவானி பாயும் பெரியார் மாவட்டம் ஈரோடு மாவட்டம் ஆனது. பெரியார் பேர் போனாலும் பரவாயில்லை, சுந்தரலிங்கம் பேரோடு ஒரே வரிசையில் நிற்கக் கூடாது! இன்றைக்கு பஸ்ஸில் 'தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம்' என்று மொட்டையாக எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அழித்த பேர் தெரிகிறது.

பஸ் வெறும் தகரம் இல்லை தோழர்களே. எங்கே ஏறலாம், எங்கே உட்காரலாம், யார் பேர் எழுதலாம் என்று நூறு வருசமாக நடக்கிற சண்டை அது.

*

மறுநாள் காலையில் சத்தி ரோட்டில் கொடிவேரி பிரிவுக்குப் போகிற டவுன் பஸ். 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று திட்டம் வந்ததில் இருந்து எங்கம்மா மாதிரிப் பெண்கள் எத்தனையோ பேர் முதல்தடவையாகத் தன் இஷ்டத்துக்கு வெளியே கிளம்புகிறார்கள். புருசனிடம், மகனிடம் காசு கேட்க வேண்டாம். 2022இல் ஒரு மந்திரி இதை 'ஓசி' என்று மேடையில் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? ஐம்பது வருசம் ஆண் கூலியில் பாதிக்கு வேலை செய்தவளுக்கு யாரய்யா ஓசி கொடுப்பது? அவள் கொடுத்ததில் கொஞ்சம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

அம்மா ஜன்னலோரம். ரெண்டு பேர் உட்காரும் சீட்டு. பக்கத்து இடம் காலி. நான் பின்சீட்டில். நாலைந்து ஸ்டாப் தாண்டி ஒரு அம்மா ஏறினார். எங்க ஊர்க்காரர். எங்கம்மா வருசக் கணக்கில் வேலை செய்த தோட்டத்துப் பண்ணாடிச்சி. எங்கம்மாவைப் பார்த்தார். எங்கம்மாவும் பார்த்தார். பார்த்த நொடியில் எங்கம்மா இடுப்பு தானாக எழுந்தது. நான் பின்னாலிருந்து தோளில் கை வைத்தேன்.

"எந்திரிக்காதம்மா."

அம்மா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

பண்ணாடிச்சி சிரித்தார். "ஏண்டி, மகன் ஊட்டுல நல்லா இருக்கறயா?" என்று கேட்டார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "இருக்கறனுங்க" என்றார் அம்மா. ஆனால் அந்தக் காலி இடத்தில் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் குலுங்குகிறது, அவருக்கும் வயசு அறுபதுக்கு மேல், கால் வலி இருக்கும். கண்டக்டர்கூட "உக்காருங்கம்மா, எடம் இருக்குதுல்ல" என்றார். "எறங்கப் போறனுங்க" என்று சொல்லிவிட்டு ஏழெட்டு ஸ்டாப் நின்றுகொண்டே வந்து இறங்கினார்.

ரெண்டு பேருக்கும் டிக்கெட் இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே சட்டம். நடுவில் ஒரு காலி சீட்டு. சாதி தன்னை நின்றுகொண்டே பயணம் செய்ய வைத்துக்கொள்கிறது. காலு வலிச்சாலும் பரவாயில்லை என்கிறது.

காரில் போயிருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது. எங்கம்மா உட்கார்ந்ததையும் பார்த்திருக்க முடியாது. அதனால்தான் சொன்னேன், கார் இருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்று. காரில் ஆற்றுக்கு நாம் தனியாகப் போகலாம், தனியாகத் திரும்பலாம். எவனும் நம்மைப் பார்த்து நெளிய வேண்டியதில்லை. பஸ்ஸில்தான் அவன் நமக்குப் பக்கத்தில் உட்காருவதா நிற்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை அவன் நாளும் எடுத்துக்கொண்டே இருக்கட்டும். எத்தனை நாளைக்குக் கால் தாங்கும், பார்ப்போம்.

*

கொடிவேரி. ஆற்றின் குறுக்கே பழங்காலத் தடுப்பணை. தண்ணி அகலமாகப் பரந்து அருவி மாதிரி விழுகிறது. கீழே ஜனக்கூட்டம். பரிசல், மீன் வறுவல், பிள்ளைகள் கூச்சல். இங்கிருந்துதான் அரக்கன்கோட்டை வாய்க்காலும் தடப்பள்ளி வாய்க்காலும் பிரிகின்றன. எங்கம்மா காலமெல்லாம் நின்ற வயல் தடப்பள்ளிப் பாசனம்.

வாய்க்கால் தலைப்பில் நின்று அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "இதுதான் அந்தத் தண்ணியா?" என்றார். பிறகு சொன்னார். சின்ன வயசில் தாகம் எடுத்தால் வாய்க்காலில் குனிந்து குடிப்பார்களாம். ஆனால் மேல்பக்கம் இறங்கக் கூடாது. பண்ணாடி வீட்டு ஆட்கள் இறங்குற படிக்குக் கீழ்பக்கம், மாடு இறங்குற துறையில்தான் குடிக்கணும். தண்ணி அவர்களைத் தாண்டி வந்தபிறகுதான் இவர்களுக்கு. "இப்ப நாம நிக்கறது அவிக படிக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார்.

"மேலம்மா. எல்லாப் படிக்கும் மேல."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணியில் இறங்கினார். ஒரு கை அள்ளிக் குடித்தார். அப்புறம் வாய்க்கால் போகிற திசையைத் திரும்பிப் பார்த்துக் கொப்புளித்துத் துப்பினார். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பை அதுவரை பார்த்ததில்லை.

சாயங்காலம் பவானி கூடுதுறை. பவானியும் காவிரியும் கலக்கிற இடம், சங்கமேஸ்வரர் கோயில். இதே ஊரிலிருந்துதான் காலிங்கராயன் வாய்க்கால் ஈரோட்டுப் பக்கம் போகிறது. 1283இல் முடிந்ததாகச் சொல்வார்கள். வெட்டியவன் பேரில் வாய்க்கால் இல்லை, வெட்டச் சொன்னவன் பேரில்தான் இருக்கிறது. ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசைக்கு இங்கே லட்சக்கணக்கில் ஜனம் முழுகும். பாவம் போகும் என்கிறார்கள். மறுநாள் காலையில் அவர்கள் விட்டுப்போன துணி, இலை, குப்பையை அள்ளுவது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பாவம் போகிறது, நம் ஆள் கைக்கு வருகிறது.

*

இதைப் படிக்கிற சில தோழர்கள் கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள்: "நிலம் இல்லை, சுடுகாட்டுக்கு வழி இல்லை, டீக்கடையில் தனி டம்ளர் இருக்கிறது. இந்த நேரத்தில் உனக்குச் சுற்றுலாவா? ரசனை எல்லாம் வயிறு நிறைந்தவன் சமாச்சாரம்."

நியாயமான கேள்வி. என் பதிலும் நேரானது. நம்மிடமிருந்து பறித்தது நிலத்தை மட்டும் இல்லை. பொழுதையும் பறித்தார்கள். சும்மா இருக்கிற ஒரு பொழுது, நின்று பார்க்கிற ஒரு பொழுது, அது பண்ணாடிக்கு மட்டும் சொந்தம் என்று வைத்தார்கள். மாதாரி சும்மா நின்றால் 'திமிரு'. மாதாரிப் பையன் ஆற்றுப் பாலத்தில் சாய்ந்து நின்று தண்ணியைப் பார்த்தால் 'எந்த வளவுடா நீ?' என்ற கேள்வி. கூலியைக் கேட்கிறோம், நிலத்தைக் கேட்கிறோம்; பொழுதையும் கேட்போம். நிலம் கேட்கிறவன் நிலம் எவ்வளவு இருக்கிறது, தண்ணி எங்கிருந்து வருகிறது, யார் வயலுக்கு முதலில் பாய்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டாமா? ரெண்டு நாள் பஸ் பயணத்தில் எங்கம்மா புரிந்துகொண்டதை ஐம்பது வருசக் கூலி வேலை அவருக்குக் காட்டவில்லை. குனிந்தே இருந்தவருக்கு ஆறு எப்படித் தெரியும்?

இன்னொன்று. கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் என்ன சொன்னார்? 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில், கிராமம் என்பது அறியாமையின் குகை, குறுகிய புத்தியின் இருப்பிடம் என்று பேசினார். அந்தக் குகைக்கு வெளியே போகிற முதல் வழி எது? நம் ஊர்களில் அது டவுன் பஸ். காலையில் ஏறி திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, கோயமுத்தூர் மில்லுக்கு, கோபி காலேஜுக்குப் போன பிள்ளைகள்தான் பண்ணையத்துச் சங்கிலியை அறுத்தார்கள். கோபியிலேயே லட்சுமணய்யர் என்று ஒருவர் இருந்தார். சொந்த சாதி தள்ளிவைத்தும் கேளாமல் நம் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார். அப்படிப்பட்டவர்களையும் நாம் மறக்கவில்லை. ஆனால் ஒரு நல்லவர் வருவார் என்று காத்திருக்க முடியாது. பஸ் தினமும் வரவேண்டும்.

வருகிறதா? அங்கேதான் கோளாறு. பஸ் ஊர் வரைக்கும் வருகிறது. வளவு வரைக்கும் வருவதில்லை. நிழற்குடை ஊர் மந்தையில். நம் பெண்கள் அதற்குள் உட்காராமல் வெளியே புளிய மரத்தடியில் நிற்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. காலனி ஸ்டாப்பில் கை காட்டினால் சில டிரைவர்களுக்குக் கண் தெரிவதில்லை. அதுவும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு, பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப் என்றால் வேகம் கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நடை குறைகிறது. நமக்கு லீவு கிடைக்கிற ஒரே நாளில்!

ஆகவே கேட்போம். ஊரோடு முடிகிற தடத்தை வளவு வரைக்கும் நீட்டு. காலனி ஸ்டாப்புக்குப் பேர்ப்பலகை வை. 'ஊர் பிரிவு' என்று சுற்றி வளைக்காமல் எங்கள் காலனி பேரையே எழுது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொடிவேரிக்கும் பவானிசாகருக்கும் கூடுதல் டவுன் பஸ் விடு. நிற்காமல் போன டிரைவர் மேல் நடவடிக்கை எடு. லாபம் இல்லாத தடம் என்று சொல்லி எங்கள் ஊர் பஸ்ஸை வெட்டாதே. சின்னக் கோரிக்கைகள்தான். சின்னது என்பதால்தான் இத்தனை வருசமாக யாரும் கேட்கவில்லை.

கேட்பதோடு நிறுத்த வேண்டாம். போங்கள். அடுத்த ஞாயிறு உங்கள் அம்மாவை, அப்பத்தாவை, களை எடுத்து இடுப்பு ஒடிந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். பவானி இல்லையென்றால் நொய்யல், அமராவதி. கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள். நிழற்குடைக்கு உள்ளே உட்காருங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். யார் வந்தாலும் எழுந்திருக்காதீர்கள். பஸ் நிற்காமல் போனால் வண்டி நம்பர், நேரம், ஸ்டாப் பேர் மூன்றையும் குறித்து நமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுவோம்.

எங்கம்மா இப்போதெல்லாம் என்னைக் கேட்கிறார்: "ஏஞ்சாமி, அந்த ஆறு பொறக்கற எடத்துக்கும் பஸ்ஸு போகுதா?"